எஸ்.பி.எம். பதற்றம்: பயத்தை முன்கூட்டியே சந்திப்பது எப்படி?

இந்தக் கட்டுரையை எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களுக்காகத்தான் தொடங்கினேன். எழுத எழுத, பாதி விஷயம் ஆசிரியர்களாகிய நமக்குச் சொல்ல வேண்டியதாக ஆகிவிட்டது. அதனால் இரு தரப்பும் படியுங்கள். மாணவர்களிடம் பேசும்போது 'நீங்கள்' என்பேன், ஆசிரியர்களிடம் பேசும்போது 'நாம்' என்பேன்.

சென்ற ஆண்டு முன்னோட்டச் சோதனை. நம் பிள்ளைகள் வாயில் 'டிரையல்'. தமிழ் இரண்டாம் தாள் நடந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும், முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, கழிவறைக்குப் போக அனுமதி கேட்டுவிட்டு வெளியே போனாள். கால் மணி நேரம் ஆகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மேசையில் அவள் விட்டுவந்த தாளில் பெயரும் இரண்டு விடைகளும்தான் இருந்தன.

இவள் சுமாராகப் படிக்கிற பிள்ளை இல்லை. செய்யுள் விளக்கம் முழுவதையும் நான்கு நிறப் பேனாவில் அழகாக எழுதி வைத்திருந்தவள். அந்தக் குறிப்புப் புத்தகத்தை நானே பக்கத்து வகுப்புக்குக் கொண்டுபோய், "இப்படி எழுதணும், பாருங்க" என்று காட்டியிருக்கிறேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டீச்சர், அந்தப் பக்கம் கண்ணு முன்னால தெரியுது. பச்சைப் பேனாவுல எழுதினது தெரியுது. என்ன எழுதினேன்னுதான் தெரியல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ கெட்டிக்காரி, உனக்கென்ன பயம்?" என்றேன். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னது. கெட்டிக்காரிக்குப் பயம் வரக்கூடாது என்றால், பயந்துபோன அவள் என்ன ஆகிறாள்? அவள் இன்னும் அதிகமாக அழுதாள். அன்றைக்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தடவை

என் வயது ஆசிரியர்களுக்குப் பொதுச் சோதனை என்பது படிப்படியாக வந்தது. பன்னிரண்டு வயதில் யு.பி.எஸ்.ஆர்., பதினைந்து வயதில் பி.எம்.ஆர்., அப்புறம்தான் எஸ்.பி.எம். பி.எம்.ஆருக்குப் பதிலாக 2014-இல் பி.டி.3 வந்தது. யு.பி.எஸ்.ஆரும் பி.டி.3-உம் கடைசியாக நடந்தது 2019-இல். 2020-இல் கோவிட் காரணமாக இரண்டும் நடக்கவில்லை. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டது, அடுத்த ஆண்டு பி.டி.3-உம் போனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-இல் எஸ்.பி.எம். எழுதிய அணி 2020-இல் ஆறாம் ஆண்டில் இருந்தது, 2023-இல் மூன்றாம் படிவத்தில் இருந்தது. அதாவது, வாழ்க்கையில் ஒரு பொதுச் சோதனைகூட எழுதாமல் நேராக எஸ்.பி.எம். மண்டபத்துக்குள் போன முதல் அணி அவர்கள். இப்போது ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்களும் அப்படியே. ஆண்டிறுதிச் சோதனை எழுதியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தெரிந்த வகுப்பறை, தெரிந்த ஆசிரியர், பக்கத்தில் தெரிந்த முகம். எஸ்.பி.எம்.மில் மேசைகள் தள்ளித் தள்ளிக் கிடக்கும், மேசைமேல் அடையாள அட்டை இருக்கும், கண்காணிப்பாளர் வேறு பள்ளியிலிருந்து வந்திருப்பார், மண்டபத்தில் பேச்சே இருக்காது. நாம் பன்னிரண்டு வயதில் பழகிக்கொண்ட அந்த அமைதியை இவர்கள் பதினேழு வயதில் முதல் தடவையாகச் சந்திக்கிறார்கள்.

பழைய சோதனைகள் திரும்ப வர வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. 'ஏழு ஏ' வரவில்லை என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அழுததை நானும் பார்த்தவள்தான். ஆனால் அந்தப் பழக்கம் போன இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தாங்குற சக்தியே இல்ல" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மண்டபத்தில் உடம்பு என்ன செய்கிறது

மாணவர்களே, இது உங்களுக்கு. இதயம் வேகமாக அடிப்பது, கை வியர்ப்பது, வயிறு கலக்குவது, இவை எதுவும் நோய் இல்லை. ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கூடும், மூச்சு வேகமாகும். நாய் துரத்தினால் இது நன்றாக உதவும். கருத்துணர்தல் பகுதிக்கு விடை எழுதும்போது உதவி கொஞ்சம் குறைவு.

கொஞ்சம் பதற்றம் இருப்பது நல்லதுதான். இது 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளை வைத்துப் பார்த்த பழைய விஷயம். தூண்டுதல் மிகக் குறைவாக இருந்தாலும் கற்றல் மந்தம், மிக அதிகமாகப் போனாலும் மந்தம். அதிலும் வேலை கடினமாக இருந்தால் சீக்கிரமே கெட்டுப்போகிறது. எலியை வைத்து மனிதனைச் சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தப் பதற்றமும் இல்லாமல் கடைசி வரிசையில் தூங்கிவிடும் மாணவனையும், முதல் வரிசையில் உறைந்துபோகும் மாணவியையும் பார்த்திருக்கும் எந்த ஆசிரியருக்கும் இது புரியும்.

அதிகப் பதற்றம் இரண்டு இடத்தில் கெடுக்கிறது. ஒன்று, நினைவில் இருப்பதை எடுக்கும் வழி தடைபடுகிறது. மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசோல் என்ற சுரப்பு நினைவிலிருந்து எடுப்பதைச் சிரமமாக்கும். "படிச்சது எல்லாம் மறந்துபோச்சு" என்கிறீர்களே, பெரும்பாலும் மறக்கவில்லை, அந்த நேரத்தில் எடுக்க முடியவில்லை. வெளியே வந்து நிழலில் நின்றதும் எல்லாம் ஞாபகம் வரும், எரிச்சலாக இருக்கும். இரண்டாவது, ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் எல்லாருக்கும் கொஞ்சம்தான். கேள்வியையும், அதற்கான குறிப்பையும், அடுத்த வாக்கியத்தையும் அந்தச் சின்ன இடத்தில்தான் வைக்க வேண்டும். "இது போச்சுன்னா அப்பா என்ன சொல்வார்" என்ற எண்ணம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால், மற்றவற்றுக்கு இடம் ஏது?

நான்கு நிறப் பேனாவின் குற்றம்

அந்த மாணவியிடம் திரும்ப வருகிறேன். அவள் எப்படிப் படித்தாள் என்று மறுநாள் கேட்டேன். எழுதுவாள், எழுதியதை வாசிப்பாள், முக்கியமானதுக்குக் கோடு போடுவாள், மறுபடி வாசிப்பாள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்திருக்கிறாளா? "இல்ல டீச்சர், தெரியலன்னா பயமா இருக்கும்ல" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவள் பயத்தைத் தவிர்க்கும் விதமாகவே படித்திருக்கிறாள். தவிர்த்த பயம் எல்லாம் சேர்ந்து மண்டபத்தில் ஒரே நாளில் வந்து நின்றது.

இதைப் பற்றித் தெளிவான ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதி கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். படித்த குழு 40-க்கு இறங்கிவிட்டது. எழுதிய குழு 61-இல் நின்றது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு சுற்று படித்த குழுதான்.

திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிப்போகிறது. பழக்கத்தைத் 'தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பச்சைப் பேனா தெரிகிறது, எழுதியது தெரியவில்லை என்று அவள் சொன்னது அதைத்தான்.

எனவே, மாணவர்களே, இப்படிச் செய்து பாருங்கள். ஒரு செய்யுளையோ இலக்கணப் பகுதியையோ ஒரு தடவை நன்றாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள், முடிந்தால் வேறு அறையில் வையுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மேலே தேதி போடுங்கள். பத்து நிமிடம், தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் எழுதுங்கள். மறுநாள் அதையே, பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. ஒவ்வொரு தடவையும் புதுத் தாள்.

முதல் தாள் அசிங்கமாகத்தான் இருக்கும். பாதிக்கு மேல் சிவப்பாக இருக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் ஒரு கலக்கம் வரும் பாருங்கள், அதுதான் மண்டபத்தில் வரவிருந்த பயம். இப்போதே வந்துவிட்டது, அதுவும் மதிப்பெண் இல்லாத இடத்தில். நான்காவது தாளில் சிவப்பு குறைந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். "உன்னால் முடியும்" என்று நான் நூறு தடவை சொல்வதைவிட அந்த நான்கு தாள் அதிகம் சொல்லும்.

இலக்கணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. வலிமிகும் இடங்களை விதியாக வாசித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். விதியை மூடிவிட்டு நான்கே தொடரை எழுதுங்கள்: அந்த + பையன், வந்த + பையன், படித்து + பார்த்தான், செய்து + பார்த்தான். 'அந்தப் பையன்' என்பதில் வலி மிகும், ஏனென்றால் 'அந்த' சுட்டு. 'வந்த பையன்' மிகாது, 'வந்த' பெயரெச்சம். 'படித்துப் பார்த்தான்' மிகும், வன்தொடர்க் குற்றியலுகரம். 'செய்து பார்த்தான்' மிகாது, இடைத்தொடர். நாலில் இரண்டு தப்பினால் எந்த விதி தெரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். 'இலக்கணமே வராது' என்ற பெரிய பயம் 'பெயரெச்சம் பார்க்கணும்' என்ற சின்ன வேலையாக ஆகிவிடும்.

கட்டுரைக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு நாளும் முழுக் கட்டுரை எழுதினால் கை வலிக்கும், இரண்டு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு மூன்று தலைப்பு, தலைப்புக்குப் பத்து நிமிடம், கருத்துகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு, தொடக்க வாக்கியம். இவ்வளவு போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் முழுதாக, கடிகாரம் வைத்து எழுதுங்கள். எடுத்துக்காட்டை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள். சுற்றுச்சூழல் தூய்மை என்றதும் மனப்பாடப் பத்தியைத் தேடாதீர்கள். பசார் மாலாம் முடிந்த மறுநாள் காலை உங்கள் தெருக் கால்வாய் எப்படி இருந்தது? அதை எழுதுங்கள். பதற்றத்தில் மனப்பாடப் பத்தி காணாமல் போகும், கால்வாய் காணாமல் போகாது.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியது

ஆசிரியர்களே, செலவில்லாத ஒன்று. மாதம் ஒரு தடவை நம் மாணவர்களை மண்டபத்துக்குக் கூட்டிப்போவோம். மண்டபம் கிடைக்காவிட்டால் அறிவியல் கூடம், அதுவும் இல்லையென்றால் வேறு வகுப்பு. மேசையைத் தள்ளிப் போட்டு, அடையாள அட்டையை மேசையில் வைக்கச் சொல்லி, கண்காணிப்புக்கு நமக்குப் பதில் வேறு பாட ஆசிரியரை நிறுத்துவோம். நாற்பது நிமிடம், ஒரு பகுதி மட்டும். மதிப்பெண்ணை எந்தப் பட்டியலிலும் ஏற்ற வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த இடமும் அந்த அமைதியும் பழக வேண்டும், அதுதான் நோக்கம்.

இன்னொன்று, மாணவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம். ராமிரெஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. சோதனைக்குச் சற்று முன்பு பத்து நிமிடம் தங்கள் பயத்தைப் பற்றியே எழுதிய பதற்றக்கார மாணவர்கள், அப்படி எழுதாத பதற்றக்காரர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எல்லாருக்கும் இது வேலை செய்யும் என்று நான் உத்தரவாதம் கொடுக்கமாட்டேன். என் வகுப்பில் சிலருக்கு உதவியது, சிலர் பத்து நிமிடமும் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். அதுவும் பரவாயில்லை.

மண்டபத்துக்குள் உறைந்துபோனால், மாணவர்களே: பேனாவைக் கீழே வையுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்யுங்கள், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து தடவை. பிறகு தாளைப் புரட்டி, நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து அதை முதலில் எழுதுங்கள். முதல் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

லூனாஸ் வீடுகளில்

மனநலக் கையேடுகளில் 'அமைதியான படிப்பறை ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். லூனாஸ், பாடாங் செராய் பக்கம் என் மாணவர்கள் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா அம்மா கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இரண்டறை வீட்டில் ஒருவர் இரவு வேலை முடிந்து பகலில் தூங்குவார், தம்பி தொலைக்காட்சி பார்ப்பான், பாட்டிக்குத் துணைக்கு ஆள் வேண்டும். அதிலும் கெடாவில் நமக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் வேலை செய்யும் அப்பாவுக்குச் சனி, ஞாயிறு. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வீட்டில் இருப்பது சனிக்கிழமை ஒரு நாள்தான், அன்றைக்குத்தான் கோயில், கல்யாணம், சொந்தக்காரர் வீடு எல்லாம்.

அதனால் அறையைத் தேடாதீர்கள், நேரத்தைத் தேடுங்கள். வீட்டில் எந்த நேரம் சத்தம் குறைவு என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். சிலருக்கு விடியற்காலை ஐந்து மணி, சிலருக்குப் பள்ளி முடிந்ததும் நூலகத்தில் ஒரு மணி நேரம். வெள்ளைத்தாள் முறைக்கு மேசைகூட வேண்டாம், ஐந்தடியில் பத்து நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை காலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் பலர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பதின்ம வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. படித்தது நினைவில் உறுதிப்படுவதும் தூக்கத்தில்தான். சோதனைக்கு முந்தின இரவு கோப்பியும் சக்தி பானமும் குடித்து விழித்திருந்தால், குடித்த கஃபீனில் பாதி அளவு ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். காலையில் கை நடுங்குவது பயத்தாலா கோப்பியாலா என்றே தெரியாது.

தீபாவளியையும் சொல்ல வேண்டும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, எழுத்துச் சோதனை நவம்பரில் தொடங்கியது. பலகாரம் சுடுவதும் வீடு துடைப்பதும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. அண்ணனும் அதே ஆண்டு சோதனை எழுதினால்கூட, அவனிடம் துணியைக் கொடுத்து ஜன்னல் துடைக்கச் சொல்கிற வீடு குறைவு. பெற்றோர் சந்திப்பில் இதை நாம் வாய்திறந்து சொல்லலாம். நான் சொன்னேன், ஓர் அம்மா கோபித்துக்கொண்டார், இரண்டு அம்மாக்கள் தலையாட்டினார்கள்.

எத்தனை ஏ?

இந்தப் பகுதி தமிழாசிரியர்களுக்கு. கொஞ்சம் கசக்கும்.

எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் கட்டுப்படுத்தப் போவதாக 2009-இல் அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று நம் சமூகம் எதிர்த்து நின்றது. பிறகு பன்னிரண்டு பாடம் வரை எடுக்கலாம் என்று தளர்ந்தது. பெரிய போராட்டம், நியாயமான போராட்டம். அதன் பயனைத்தான் இன்றைக்கும் அனுபவிக்கிறோம். ஆனால் அந்தக் கூடுதல் பாடங்களைச் சுமப்பது ஒரு பதினேழு வயதுப் பிள்ளை. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பே பாட நேரத்துக்குப் பிறகுதான். இலக்கியம் என்றால் கவிதை, நாவல், நாடகம் என்று இன்னொரு சுமை. 'தமிழ்ப் பிள்ளை தமிழ் எடுக்காமல் இருக்கலாமா' என்று நாம் கேட்கும் கேள்விக்கு அவர்களால் 'முடியல டீச்சர்' என்று பதில் சொல்ல முடியாது. சொன்னால் துரோகம் மாதிரி ஆகிவிடும்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அந்த மாணவிக்குப் பதினொரு பாடம். பதினொன்றாவது பாடமாக இலக்கியத்தை எடுக்கச் சொன்னது நான். இலக்கிய மாணவர் எண்ணிக்கை குறைந்தால் வகுப்பு நின்றுபோகும் என்ற கவலை எனக்கு இருந்தது. அவளுக்கு இலக்கியம் பிடிக்குமா என்று நான் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, ஏ வாங்கும், அவ்வளவுதான் பார்த்தேன்.

என் கருத்து இப்போது இதுதான். தமிழை எல்லாரும் எடுக்க வேண்டும், அதில் நான் மாறவில்லை. இலக்கியத்தை, நான்காம் படிவத்திலேயே உட்கார்ந்து பேசி, விரும்பும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். எடுத்த பிள்ளை தவித்தால், பதிவு முடிவதற்குள் விடச் சொல்லும் துணிவு நமக்கு இருக்க வேண்டும். இதில் என்னோடு உடன்படாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். விவாதிக்கத் தயார்.

பெற்றோருக்கும் நமக்கும் சேர்த்து ஒன்று. 'எத்தனை ஏ எதிர்பார்க்கிற?' என்ற கேள்வியை நிறுத்தலாம். அதற்குப் பதில் 'இன்னைக்கு எந்தப் பாடம் பார்க்கப்போற?' என்று கேட்கலாம். முதல் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லை, இரண்டாவதற்கு இருக்கும்.

எதிர்காலமே இதில்தான் என்று சொல்லும்போதும் உண்மையைச் சொல்வோம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், அதனால் அந்த இரண்டிலும் தடுமாறும் மாணவர் மற்றதைக் குறைத்து முதலில் அங்கே போக வேண்டும். தவறினாலும் அவ்விரண்டையும் மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. ஆறாம் படிவம், மெட்ரிகுலேசன் மட்டும்தான் வழி என்று இல்லை. பக்கத்தில் கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது, அட்டெக் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. எத்தனை மாணவர்களுக்கு நாம் அந்த வாசலைக் காட்டியிருக்கிறோம்?

பதற்றத்தைத் தாண்டிப் போனால்

மேலே சொன்னதெல்லாம் சாதாரணப் பதற்றத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களிடம் பேசாமல், பிடித்தது எதுவும் பிடிக்காமல் ஒரு பிள்ளை இருந்தால், அங்கே படிக்கும் முறை பற்றிப் பேசிப் பயனில்லை. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கூட்டிப்போக வேண்டும். 'கவுன்சலிங் அறைக்குப் போனால் பிரச்சினைப் பிள்ளை என்பார்கள்' என்ற பேச்சு மாணவரிடையே இருக்கிறது. நாமே கூடப் போனால் அது பாதி குறையும்.

'செத்துடலாம்னு இருக்கு' என்று யாராவது சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னாலும் சரி, 'அப்படியெல்லாம் பேசாத' என்று வாயை அடைக்காதீர்கள். 'நிஜமாவே அப்படித் தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது, போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து குடும்பம் மறைக்கத் தேவையில்லை. தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. இந்த எண்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். தேவைப்படுகிறவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த மாணவி எஸ்.பி.எம். எழுதினாள். டிரையலுக்கும் சோதனைக்கும் இடையில் கிடைத்த வாரங்களில் வெள்ளைத்தாள் எழுதினாள், முதலில் அழுதுகொண்டுதான். தேதி போட்ட தாள்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் சேர்த்து, இலக்கியத் தாளுக்கு முந்தின நாள் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அறுபத்து நாலு தாள். கடைசித் தாள்களிலும் சிவப்பு இருந்தது. மண்டபத்தில் கை நடுங்கியதா என்று பிறகு கேட்டேன். "நடுங்குச்சு டீச்சர். ஆனா வீட்டுலயும் அப்படித்தான் நடுங்கும்" என்றாள்.

இந்த ஆண்டு ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முதல் நாற்பது நிமிடப் பயிற்சி. வரலாற்று ஆசிரியர் கண்காணிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சிரிக்கவே மாட்டார், அதற்காகத்தான் கேட்டேன். தாள் 2-க்கான அந்தச் சிறு வினாத்தொகுப்பு வேண்டுமென்றால் சங்கத்தின் வழி கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.